சாமிக்கு ஒரு மரக்கால்

எங்கள் பள்ளிக்கூடத்தில் மொத்தம் ஒன்பது பரிசுகள் இருந்தன. பெரிய டீச்சர் அறையில், கதவு சரியாக மூடாத ஒரு கண்ணாடி அலமாரியில் அவை வரிசையாக நிற்கும். கிண்ணம் இரண்டு, அவற்றில் ஒன்றுக்கு ஒரு காது இல்லை. சட்டம் போட்ட நற்சான்றுகள் நான்கு. வெள்ளி முலாம் பூசிய தட்டு ஒன்று. சின்ன மேஜை மணி ஒன்று. ஒன்பதாவது, துணியில் பூவேலை செய்த மயில். அது பரிசாகக் கிடைத்ததா, அல்லது பரிசு வாங்கிய கைவேலையா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. பெரிய டீச்சரைக் கேட்டால், “அது எப்பவும் இங்கனதான் இருக்கு” என்பார். நான் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வேன்.

எனக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. மூக்குக் கண்ணாடி இரண்டு இருக்கிறது, இரண்டிலும் சரியாகத் தெரிவதில்லை. எங்கள் தெருச் சுவரில் ஒரு பள்ளிக்கூடத்துக்காரர்கள், முதல் வகுப்பில் தேறிய பெண்களின் பெயர்களை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். நாற்பத்தொரு பெயர்கள். அதில் ஒரு பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறது. நேரில் போய்ச் சொன்னேன். “சரி தாத்தா, பாக்கோம்” என்றார்கள். ஒருவரும் பார்க்கவில்லை, சுவரொட்டி அப்படியே இருக்கிறது. தினமும் அந்த வழியாகத்தான் நான் பால் வாங்கப் போகவேண்டியிருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் தென்காசியில் பெண் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். கோயிலின் மொட்டைக் கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரம். ஆறு ஆசிரியைகள், ஆண் என்று நான் ஒருவன். கணக்குச் சொல்லிக்கொடுக்கப் பெண் யாரும் கிடைக்காததால் என்னை எடுத்தார்கள். எடுத்தவர்கள் சில நிபந்தனைகள் போட்டார்கள். வகுப்புக் கதவு திறந்தே இருக்கவேண்டும். நான் கரும்பலகைக்கும் கதவுக்கும் நடுவிலேயே நிற்கவேண்டும். பிள்ளைகள் உட்காரும் பலகைப் பக்கம் போகக்கூடாது. சிலேட்டைப் பார்க்கவேண்டுமென்றால் அவர்கள் அங்கிருந்தபடியே தூக்கிக் காட்டவேண்டும். இதனால் எனக்குத் தூரப் பார்வை கெட்டுப்போனது என்பது என் எண்ணம். வைத்தியர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மையும் இருந்தது. சிலேட்டைத் தூக்கிக் காட்டியே பழகிய பிள்ளைகள், மனக்கணக்கில் விடையைச் சுருக்கமாக, பெரிய எழுத்தில் எழுதக் கற்றுக்கொண்டார்கள். போட்டியிலும் அப்படித்தான் கேட்பார்கள்.

போட்டி குற்றாலத்தில் நடக்கும். ஆடி மாதம் சாரல் விழத் தொடங்கினால் அதிகாரிகள் பலர் குற்றாலத்துக்கு வந்து பங்களாக்களில் தங்கிக்கொண்டு அங்கிருந்தே வேலை பார்ப்பார்கள். பெண்கள் பள்ளிகளைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டரம்மாவும் வருவார். வந்த இடத்தில் சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளை எல்லாம் கூப்பிட்டு ஒரே நாளில் ஐந்து போட்டிகள் வைப்பார். கையெழுத்து, செய்யுள் ஒப்பித்தல், தையல், பாட்டு, மனக்கணக்கு. முதலிடத்துக்கு மூன்று புள்ளி, அடுத்ததற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று. எல்லாவற்றையும் கூட்டி எந்தப் பள்ளி அதிகமோ அதற்கு ஒரு வருடம் கேடயம். எங்கள் அலமாரியில் கேடயத்துக்கென்று நடுத்தட்டில் இடம் விட்டு வைத்திருந்தார் பெரிய டீச்சர். அந்த இடத்தில் சாக்பீஸ் டப்பா இருந்தது.

நான் சொல்லவந்த பெண் அப்போது ஏழாம் வகுப்பில் இருந்தாள். பதின்மூன்று வயது. சிற்றாற்றுப் பாசனத்தில் நல்ல வயல் உள்ள குடும்பம். அம்மா இல்லை. வீட்டில் அப்பாவும் இரண்டு அண்ணன்களும். அறுவடையில் களத்துக்குச் சோறு கொண்டுபோகிறவள் அவள்தான் என்பதால் மாசியில் சில நாட்கள் பள்ளிக்கு வரமாட்டாள். வந்ததும் விட்ட பாடத்தைப் பக்கத்துப் பிள்ளையிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்வாள், அவ்வளவுதான். பெருக்கலை நான் சொல்லிக்கொடுத்த மாதிரி செய்யமாட்டாள். எதையும் இருபத்தொன்றாகக் கட்டிப் பார்ப்பாள். எங்கள் பக்கத்தில் ஒரு கோட்டை நெல் என்றால் இருபத்தொரு மரக்கால். அந்தக் கட்டு அவள் மனத்தில் செங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. முந்நூற்று நாற்பதை எட்டால் பெருக்கு என்றால், கண்ணை மூடி, “பதினாறு கோட்டை நாலு மரக்கால்” என்று வாய்க்குள் சொல்லி, எட்டுத் தடவை அடுக்கி, திரும்பப் பிரித்து, மற்றவர்கள் சிலேட்டில் முதல் வரி எழுதும் முன் விடையைத் தூக்கிக் காட்டுவாள். இது சுற்றுவழி என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். விடை சரியாக இருந்ததால் மேலே சொல்ல வழியில்லை.

ஆனி மாதக் கடைசியில் அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“சார்வாள், சாரல் முடியட்டும். அதுக்குப் பொறவு பிள்ளைய நிறுத்திருதேன். இலத்தூர்ல எங்க அக்கா மகன் இருக்கான். பேசி வச்சாச்சு.”

“ஏழாம் வகுப்பு நடுவுலயா அண்ணாச்சி?”

“நடுவுல என்ன, ஓரத்துல என்ன? வாசிக்கா, எழுதுதா, கணக்கு வருது. எங்க வீட்டுக்கு அது போதும்லா.”

“எட்டாவது எழுதிட்டா டீச்சர் வேலைக்குப் படிக்கலாம்.”

“டீச்சரா ஆயி என்ன செய்ய?” என்று கேட்டார். கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகத் தன் வண்டியைத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கும் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவேண்டியிருந்தது.

மறுநாள் அந்தப் பெண், மற்றவர்கள் வெளியே போனபின், கதவருகில் நின்று கேட்டாள்.

“சார், முதல் பரிசு வாங்கினா அப்பா என்னைய விட்டுவைப்பாங்களா?”

“கண்டிப்பா விடுவாங்க.”

நான் அதை முழுக்க நம்பினேன். பரிசு என்று ஒன்று கையில் இருந்தால் எந்த அப்பாவும் இளகுவார் என்பது என் கணக்கு. அன்றிலிருந்து போட்டிவரை அவளுக்குத் தினமும் இருபது மனக்கணக்கு கொடுத்தேன். ஒருநாள் தலைவலி என்றாள், பதினைந்து கொடுத்தேன்.

போட்டி நாளன்று விடியும்போதே தூறல். அவள் அப்பாவின் கூண்டு வண்டியில் ஒன்பது பிள்ளைகளும் பெரிய டீச்சரும். முன்னால் அவர் ஓட்டினார். நானும் தையல் டீச்சரின் தம்பியும் குடையோடு பின்னால் நடந்தோம். குடை ஒன்றுதான். மூன்று மைல் என்று பெயர். அதில் பாதித்தூரம் என் வலது தோள் நனைந்தது. குற்றாலம் போய்ச் சேர்ந்ததும் பெரிய டீச்சர், “முதல்ல குளிச்சிருவோம்” என்றார்.

“போட்டி முடிஞ்சு குளிக்கலாமே” என்றேன்.

“குத்தாலத்துக்கு வந்து குளிக்காம ஒரு காரியமா? என்ன வாத்தியாரே பேசுதிய.”

“தலை ஈரத்தோட பிள்ளைங்க பாட்டுப் பாடணும். சளி பிடிக்கும்.”

“இந்தத் தண்ணியிலயா சளி பிடிக்கும்?” என்று வண்டி மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த அவள் அப்பா சிரித்தார். “இருக்க சளியே போயிரும் சார்வாள்.”

ஒன்பது பிள்ளைகளும் பெண்கள் பக்கம் ஓடினார்கள். திரும்பி வரும்போது எண்ணினேன். ஒன்பதும் இருந்தன, துண்டு எட்டுத்தான் இருந்தது. புளிச்சோற்றுப் பொட்டலம் ஒன்றைக் குரங்கு கொண்டுபோயிருந்தது. அருவியில் நின்று வந்தால் எப்படிப் பசிக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. மதியத்துக்கென்று கட்டிக் கொண்டுவந்ததை எல்லாம் காலையிலேயே தின்றுவிட்டு, கண் சொக்க, போட்டி நடக்கும் பங்களாவுக்கு நடந்தார்கள். பாட்டுக்காரி படியேறும்போதே இரண்டு தும்மல் போட்டாள். பெரிய டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை.

பங்களாக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து, நாலு பள்ளிப் பிள்ளைகளையும் நாலு வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். கூட வந்தவர்கள் சுவரோரம். இன்ஸ்பெக்டரம்மா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். முழுக்கை ரவிக்கை, வட்டக் கண்ணாடி. கடுமையானவர் என்று பேர். அன்று யாரையும் அவர் அதட்டி நான் பார்க்கவில்லை.

கையெழுத்தில் எங்களுக்கு முதல் பரிசு. எழுதியவள் சன்னதித் தெருவில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். அவள் எழுத்தைப் பார்த்தால் அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். ‘ழ’வின் வால்கூட எல்லா இடத்திலும் ஒரே நீளம். ஒப்பித்தலில் இரண்டாவது. தையலிலும் இரண்டாவது. பாட்டில் தும்மியவளுக்கு மூன்றாவது இடம்தான் கிடைத்தது. ஆக எட்டுப் புள்ளி. எங்களுக்கு எதிராக நின்றது கிழக்கே ஒரு ஊர்ப் பள்ளி, அவர்களும் எட்டு. மனக்கணக்கு ஒன்றுதான் பாக்கி. மற்ற இரண்டு பள்ளிகளையும் நான் எண்ணுவதை நிறுத்தியிருந்தேன்.

பத்துக் கேள்விகள். இன்ஸ்பெக்டரம்மா ஒரு தடவை வாசிப்பார், கையைத் தட்டுவார், சிலேட்டுகள் மேலே வரவேண்டும். முதல் ஒன்பது கேள்விக்கும் எங்கள் பெண்ணின் சிலேட்டுச் சரி. கிழக்கூர்ப் பள்ளியில் ஒரு தபால்காரர் மகள். அவளும் ஒன்பதும் சரி. எங்கள் பெண்ணின் அப்பாவை நான் திரும்பிப் பார்த்தேன். எண்ணெய் மினுக்கும் தலையோடு, கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பத்தாவது கேள்விக்கு முன்னால் இன்ஸ்பெக்டரம்மா ஒரு வார்த்தை சொன்னார். “கடைசிக் கேள்வி உங்கள் ஊர்க் கணக்கு. எங்கள் பக்கத்தில் நெல்லைக் கலத்தில் அளப்போம். உங்களுக்காகக் கோட்டையில் போட்டிருக்கிறேன்.”

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. கோட்டைக் கணக்கில் எங்கள் பெண்ணை அடிக்க அந்தக் கூடத்தில் ஆள் கிடையாது. மற்றப் பிள்ளைகளெல்லாம் டவுன் பிள்ளைகள். நெல்லைக் குத்தின பிறகுதான் பார்த்திருப்பார்கள்.

“ஒரு களத்தில் ஒன்பது கோட்டை ஐந்து மரக்கால் நெல் இருக்கிறது. நான்கு சகோதரர்கள் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆளுக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு?”

கை தட்டுவதற்கு முன்பே எங்கள் பெண்ணின் சிலேட்டு மேலே இருந்தது. ஆளுக்கு இரண்டு கோட்டை ஆறு மரக்கால். மிச்சம் ஒரு மரக்கால்.

தபால்காரர் மகள் மெதுவாகத்தான் தூக்கினாள். ஆளுக்கு இரண்டு கோட்டை ஆறு மரக்கால். மிச்சம் இரண்டு.

நான் மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன். மொத்தம் நூற்றுத் தொண்ணூற்று நான்கு மரக்கால். நான்கால் வகுத்தால் நாற்பத்தெட்டு, மிச்சம் இரண்டு. இன்னொரு தடவை போட்டேன். அப்போதும் இரண்டு.

இன்ஸ்பெக்டரம்மாவும் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார் போலிருந்தது. “பங்கு சரியாகத்தானே போட்டிருக்கிறாய்? இன்னொரு மரக்கால் எங்கே போயிற்று?”

எங்கள் பெண் எழுந்து நின்றாள். “அது சாமிக்கு.”

“எந்தச் சாமிக்கு?”

“களத்துல பங்கு போடுததுக்கு முன்னால முதல் மரக்கால் சாமிக்கு எடுத்து வச்சிருவோம். அதுக்குப் பொறவுதான் அளப்போம்.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். இன்ஸ்பெக்டரம்மாவும் புன்னகை செய்தார். “நல்ல வழக்கம்தான். ஆனால் கேள்வியில் சாமி இல்லையே அம்மா. நான்கு பேர்தானே இருக்கிறார்கள்.”

அவள் சிலேட்டைக் கீழே வைத்தாள். ஊர்க்காரர்களுக்கு அனுசரணையாக இருக்கட்டும் என்றுதான் அந்தம்மா கோட்டையைக் கொண்டுவந்தார். அதில் தடுக்கி விழுந்தது, அந்தக் கூடத்திலேயே களத்தைப் பார்த்திருந்த ஒரே பிள்ளை. மனக்கணக்கில் எங்களுக்கு இரண்டாவது இடம். ஆக நாங்கள் பத்து, அவர்கள் பதினொன்று. கேடயம் கிழக்கே போயிற்று. இரண்டாம் பரிசாக அவளுக்கு ஒரு தையல் பெட்டி கொடுத்தார்கள். முதல் பரிசும் தையல் பெட்டிதான். அது சற்றுப் பெரியது.

திரும்பும்போது தூறல் நின்று காற்று மட்டும் அடித்தது. நான் வண்டியின் பக்கத்தில் நடந்தேன். கூண்டுக்குள் கையெழுத்துக்காரி தன் நற்சான்றைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். எங்கள் பெண் தையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாளா என்று தெரியவில்லை. காற்று மரத்திலிருந்து உதிர்த்த துளிகள் என் கண்ணாடியில் பட்டிருந்தன. இலத்தூருக்குப் பிரியும் பாதை வந்தது. சாரல் முடிய இன்னும் எவ்வளவு நாள் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

அவள் அப்பாதான் முதலில் பேசினார், மாட்டைப் பார்த்தபடி.

“சார்வாள், அந்தம்மா சொன்னது சரியா?”

“கேள்விப்படி சரி அண்ணாச்சி. நாலு பேருன்னா நாலு பேருதான்.”

“சாமிக்கு எடுக்காம எவன் பங்கு போடுவான்?”

“களத்துல போடமாட்டான். அந்தக் கேள்வியில போட்டுட்டான்.”

“கேள்வியில இல்லாட்டா களத்துல இல்லைன்னு ஆயிருமா?”

“ஆகாது.”

“அப்ப எங்க பிள்ள எழுதுனது?”

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. “விடுங்கப்பா. தப்புதான். நான்தான் கவனிக்காம எழுதிட்டேன்.”

“நீ சும்மா இரி ஏட்டி. ஒனக்கு ஒண்ணும் தெரியாது. நீ எழுதுனது சரி.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாளா என்று பார்த்தேன், சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனபின், “கணக்குப் போட்டதுக்கு ஊசியும் நூலுமா குடுப்பாங்க?” என்று மாட்டிடம் கேட்டார். பெரிய டீச்சர் அவரைச் சமாதானப்படுத்தும் எண்ணத்தில்தான் சொன்னார்: “விடுங்க அண்ணாச்சி. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்.”

“அடுத்த வருசமும் உண்டா?”

“வருசாவருசம் உண்டு.”

“இதே அம்மா வருவாகளா?”

“இதே அம்மாதான்.”

அவர் சாட்டையை மடியில் வைத்தார். வண்டி தானாகப் போய்க்கொண்டிருந்தது. மேலகரம் தாண்டியது. பிறகு, “வரட்டும்” என்றார். “அடுத்த வருசம் பத்துல பத்தும் இவ சரியா சொல்லணும். சொல்லிட்டு, அந்தக் கேள்வி தப்புன்னும் சொல்லிட்டு வரணும்.”

இலத்தூர் என்ன ஆயிற்று என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. பெரிய டீச்சர் கூண்டுக்குள்ளிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனபோது முதல் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். சிலேட்டைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். இரண்டாவது வரிசையில் ஓர் இடம் காலி. கையெழுத்துக்காரி வரவில்லை. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். வியாழக்கிழமையும் வரவில்லை. வெள்ளிக்கிழமை அவள் அப்பாவின் துணிக்கடைக்குப் போனேன். கல்லாவுக்கு மேலே அவளுடைய நற்சான்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதற்குச் சரிகை மாலை போட்டிருந்தார்கள்.

“வாங்க சார்வாள், வாங்க. பாத்தியளா? ஜில்லாவுக்கே முதல் எழுத்து எங்க பிள்ளை எழுத்து.”

ஜில்லா இல்லை, நாலு பள்ளிக்கூடம்தான் என்று திருத்த நினைத்தேன். “பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரலையே?” என்று மட்டும் கேட்டேன்.

“அதான் முதல் பரிசு வாங்கிட்டால்லா. இனி அதுக்கு மேல என்ன இருக்கு? நல்ல பேரோட நிறுத்திக்கிடுததுதான் அழகு. நாளைக்கே ஒரு போட்டியில தோத்துட்டு வந்தான்னு வைங்க, பேச்சுல்லா ஆயிரும்.”

கடைக்குள் அடுக்கியிருந்த சேலைகளில் குத்தியிருந்த விலைச் சீட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் அவள் எழுத்து. அச்சுக் கோத்த மாதிரி.

நான் பள்ளிக்குத் திரும்பி நேராகப் பெரிய டீச்சர் அறைக்குப் போனேன். அலமாரியைத் திறந்து நான்கு நற்சான்றுகளையும் வரிசையாக வெளியே வைத்து, இந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே என்று கேட்டேன். பெரிய டீச்சருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒருத்தி பரிசு வாங்கிய வருடப் பங்குனியிலேயே கல்யாணம் ஆகிக் கடையநல்லூர் போனாள். ஒருத்தி நற்சான்றை வீட்டில் ஒரு வாரம் வைத்திருந்து அம்மாவிடமே கொடுத்தனுப்பினாள், பிறகு அவள் வரவில்லை. மூன்றாவது ஒருத்தி வந்தாள், ஆனால் தீபாவளிவரைதான். நான்காவது பிள்ளை வாத்தியார் வீட்டுப் பிள்ளை. அவள் மட்டும் எட்டாவது முடித்தாள்.

நாலில் மூன்று. இத்தனை காலம் அந்த அலமாரியை நான் தப்பான பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெரிய டீச்சர் நற்சான்றுகளைத் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்தார். “அப்ப இனிமே ரெண்டாம் பரிசுக்கே பழக்குவோமா வாத்தியாரே?” என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, யோசித்துச் சொன்னாரா என்று இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

எங்கள் பெண் அந்த வருடம் முழுவதும் வந்தாள். மாசியில் களத்துக்குச் சோறு கொண்டுபோன நாட்கள் நீங்கலாக. ஏழாம் வகுப்பு முடிந்து எட்டாம் வகுப்பும் தொடங்கியது. இலத்தூரிலிருந்து அவள் அத்தை இரண்டு தடவை வந்து போனாளாம். வந்தபோதெல்லாம் அவள் அப்பா, “குத்தாலத்துல ஒரு காரியம் பாக்கி இருக்குக்கா, அது முடியட்டும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். என்ன காரியம் என்று அத்தை கேட்டதற்கு, “ஒரு அம்மாகிட்ட பேசணும்” என்றாராம். அத்தை ஏதோ வழக்கு விவகாரம் என்று நினைத்துக்கொண்டாள். இதை அந்தப் பெண்ணே சிரித்துக்கொண்டு பெரிய டீச்சரிடம் சொன்னாள்.

அடுத்த ஆடியில் சாரல் பொய்த்தது. மேகம் மலைமேல் வந்து உட்காரும், காற்று வந்து கலைத்துவிடும். ஐந்தருவியில் இரண்டு கிளைதான் விழுந்தது, அதுவும் கயிறு மாதிரி. பழக்கடைக்காரர்கள் கடை போடவில்லை. தண்ணீர் இல்லாத குற்றாலத்துக்கு எந்த அதிகாரி வருவார்? இன்ஸ்பெக்டரம்மா வேறெங்கோ முகாம் போட்டுவிட்டார். போட்டி இல்லை என்று தகவல் வந்தது.

போட்டி இல்லையென்றால் அவள் அப்பாவுக்குக் காத்திருக்க என்ன இருக்கிறது? அவர் பள்ளிக்கு வந்தபோது நான் கதவருகில் போய் நின்றேன்.

“என்ன சார்வாள், போட்டி இல்லையாம்லா?”

“சாரல் இல்லையே அண்ணாச்சி.”

“எனக்கும் வயல் காயுது” என்றார். மலைப் பக்கம் பார்த்தார். “அடுத்த சாரல் வராமலா போயிரும்? இருக்கட்டும். அதுவரைக்கும் பிள்ளை கணக்கை மறந்துரப்பிடாது. வீட்டுல இருந்தா மறந்துருவா.”

அப்படித்தான் அவள் எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதினாள். ஆண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துப் பெரிய கூடத்தில் நடந்தது. எங்கள் பள்ளியிலிருந்து மூன்று பெண்கள். அவர்களை வலது மூலையில் தனியாக உட்காரவைத்து, நடுவில் ஒரு கரும்பலகையைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். அவள் அப்பா நாலு நாளும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வயலில் வேலை நடந்துகொண்டிருந்த சமயம்.

வைகாசியில் முடிவு வந்தது. மூன்று பெண்களும் தேறினார்கள். எனக்குத் தேறினார்கள் என்று கேட்டால் போதாது. தாலுகாவில் எந்தப் பள்ளியில் யார் கணக்கு வாத்தியார் என்று தெரியும். ஒவ்வொருவராகக் கேட்டு மார்க்குகளைத் திரட்டி வரிசைப்படுத்தினேன். எங்கள் பெண் இரண்டாவது.

அவள் அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஏற்றத்துக்குக் கயிறு வாங்கிக்கொண்டிருந்தார். வெயில் தாங்கமுடியவில்லை, என்னிடம் குடை இல்லை. சொன்னேன்.

“ரெண்டாவதா?” என்றார். கயிற்றைக் கடைக்காரனிடமே திரும்பக் கொடுத்தார். “முதல்ல யாரு?”

“அம்பாசமுத்திரம் ரோட்டுப் பக்கம் ஒரு பையன்.”

“எவ்வளவு கூட?”

“நாலு மார்க்கு.”

“எதுல விட்டா?”

“சரித்திரத்துல நாலு, இலக்கணத்துல ஒண்ணு. கணக்குல இவதான் ஒண்ணு கூட.”

கணக்கில் கூட என்றதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதோடு நின்றுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் நிற்கவில்லை.

“அந்தப் பையன் இனிமே என்ன செய்யப்போறானாம்?”

“பாளையங்கோட்டையில வாத்தியார் பயிற்சிக்குப் போறான்னு சொன்னாங்க.”

கடைக்காரன் கயிற்றை வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. தெருவில் போன வண்டியையும் பார்க்கவில்லை.

“பாளையங்கோட்டையில பொம்பளப் பிள்ளைகளுக்கும் அது உண்டா சார்வாள்?”

“உண்டு அண்ணாச்சி.”

“தங்குதது எங்கன?”

அங்கேயே தங்கிப் படிக்கலாம் என்றேன். எத்தனை பிள்ளைகள் தங்குகிறார்கள், ஓர் அறைக்கு எத்தனை பேர், தென்காசியிலிருந்து எந்த ரயிலுக்குப் போனால் இருட்டுவதற்குள் சேரலாம், விடுமுறை எப்போது விடுவார்கள் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இதையெல்லாம் ஒரு வருடத்துக்கு முன்பே நான் விசாரித்து வைத்திருந்தேன். கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.